புகார் கொடுத்தவர் எதுவரை போகலாம்?

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் 2024 ஆகஸ்டில் வெளிவந்த கொடுமையைச் சேலம் வட்டாரப் பெற்றோர் மறந்திருக்க முடியாது. என்.சி.சி. என்ற பெயரில் போலி முகாம். பயிற்சியாளர் என்று வந்தவர் அத்துமீறியதாக ஒரு சிறுமி பள்ளியிலேயே சொன்னாள். வெளியே சொல்லாதே என்று அவளை அடக்கினார்கள் என்பதுதான் பள்ளி நிர்வாகத்தின் மீதான புகார். பெற்றோர் காவல் நிலையப் படி ஏறிய பிறகே தாளாளரும் முதல்வரும் கைதானார்கள்.

ஆகவே, வாய் திறக்கிற ஆள் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும். எழுத்தரோ, சத்துணவு அமைப்பாளரோ, சக ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

புகார் கொடுத்த மறுநாள்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தகவல் சொன்னவரே மெல்ல மெல்ல விசாரணை அதிகாரியாகிறார். மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுகிறார். செல்போனை நீட்டி, “அந்த சார் உன்னையும் தொட்டாரா, பயப்படாம சொல்லு” என்று கேட்டு வீடியோ எடுக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நாளைக்குக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அந்த வீடியோவைத்தான். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தார்கள் என்று வாதாட அது ஒன்றே போதும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. 1983-ல் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி ஊழியர் ஒருவர் மீது ஒரு தாய் புகார் கொடுத்தார். காவல் துறை சுமார் 200 குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பி, உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள் என்றது. அடுத்து ஒரு குழந்தைகள் நல அமைப்பு நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பேசியது. பொம்மைகளைக் காட்டி, மற்றவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று தூண்டி, எதிர்பார்த்த பதில் வரும்வரை கேட்டார்கள். எல்லோரும் குழந்தைகளைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள். வழக்கு 1990 வரை நீண்டது, சுமார் 1.5 கோடி டாலர் செலவானது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தால், அதைக் கண்டறியும் வழியையும் அந்தக் கேள்விகளே அடைத்துவிட்டன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லிக்குப் பக்கத்து மாவட்டத்தில், சின்னசேலம் அருகே இருக்கிறது கனியாமூர். 2022 ஜூலையில் அங்கே பள்ளி விடுதியில் ஒரு மாணவி இறந்தாள். மகளை இழந்த தாய்க்குக் கேள்வி கேட்க எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கேள்விகளை யூடியூபர்களும் வாட்ஸ்அப் குழுக்களும் பிடுங்கிக்கொண்டதுதான் விபரீதம். ஜூலை 17-ஆம் தேதி பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. சம்பந்தமே இல்லாத பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. வன்முறை வழக்கில் நூற்றுக்கணக்கான பேர் கைதானார்கள். கைதான பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஆகஸ்டில் ஜாமீன் தந்த சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கோ கொலைக்கோ ஆதாரமில்லை என்று குறிப்பிட்டது.

கெங்கவல்லி போன்ற சிற்றூரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பள்ளியின் பெயரையும் வகுப்பையும் சொன்னாலே ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமல்ல, பள்ளியையும் குடியிருக்கும் பகுதியையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று போக்சோ 23-ஆம் பிரிவு சொல்வது இதனால்தான். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கக் கூடியவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. இத்தனை பக்குவமாகக் கேட்கச் சொல்லிச் சட்டம் எழுதியிருக்க, அதற்கு முன்பே நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்?

தகவல் சொன்னவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழந்தை சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு எழுதி வைக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லலாம். பிறகு கூப்பிட்டால் சாட்சி சொல்லலாம். சமரசம் பேசப் போகவே கூடாது. ராஜினாமா வாங்கி அனுப்பிவிடுகிறோம் என்று நிர்வாகம் சொன்னால் தலையாட்டவும் கூடாது. அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்.

தகவல் சொன்னவர் ஏன் விலகி நிற்க மறுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். புகார் கொடுத்து மாதக்கணக்கில் ஒரு தகவலும் வராது. பெட்டிக்கடையில் நிற்கும்போது, “என்னப்பா, உன் கேஸ் என்னாச்சு?” என்று கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தைரியமாக நடமாடுவார். இந்த மௌனம்தான் ஆட்களைக் கையில் செல்போனோடு களத்தில் இறக்குகிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 193-ஆம் பிரிவு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் காவல் துறை தெரிவிக்க வேண்டும் என்கிறது. இருவருக்கும் தெரிவிப்பதை வழக்கமாக்க வேண்டும். குழந்தையோடு கடைசிவரை துணை நிற்க, 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு ஒரு உதவி நபரை நியமிக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சேலம் மாவட்டத்தில் பதிவாகும் போக்சோ வழக்குகளில் எத்தனைக்கு உதவி நபர் நியமிக்கப்பட்டார், எத்தனை புகார்தாரர்களுக்கு 90 நாளுக்குள் தகவல் போனது என்ற இரண்டு கணக்கையும் மாவட்ட நிர்வாகம் பெயர் விவரம் இல்லாமல் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.