பசிக்க விடுங்கள்!

விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் சன்னலோரத்தில், ஒரு கண்ணாடிச் சாடியில், நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று இருந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். சென்ற டிசம்பரில் அது இறந்துவிட்டது. அதைக் கொன்றது வெளியிலிருந்து வந்த நோயன்று, நம்முடைய அன்பே என்பது என் கருத்து.

காலையில் முதலாண்டு நண்பர்கள் இரண்டு உருண்டை தீவனம் போடுவார்கள். இடைவேளையில் நாங்கள் போடுவோம். மாலையில் வேறொருவர், “பாவம், பசியோடு இருக்கும்” என்று ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் மீன் துள்ளி வந்து விழுங்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத உயிர் அது. ஒரு நாள் வயிறு உப்பி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மிதந்தது. கடைக்காரர் சொன்னாரென்று மெத்திலின் புளூ வாங்கி வந்து ஊற்றியவன் நானே. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “மீனு, தவளைன்னுதானே படிக்கிறே? ஒரு மீனைக் காப்பாத்தத் தெரியலையாப்பா?” மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா தலை நிமிராமலே, “லங்கணம் பரம ஔஷதம். பட்டினி போட்டுப் பாத்தியா?” என்றார். பள்ளிக்கூடமே போகாதவர்! அதன் பிறகே நான் நூலகத்துக்குப் போனேன்.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. ரீகன் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் 1910இல் இதற்கு ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்று பெயரிட்டார். 2019இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆழமில்லாத குட்டைகளிலும் நெல்வயல்களிலும் கொசுப்புழுவையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்பது இதன் இயல்பு. கிடைத்தால் உணவு, கிடைக்காவிட்டால் பட்டினி. இரைப்பையோ ஏறக்குறைய அதன் கண்ணளவே என்பார்கள். அதற்குள் உலர்ந்த உருண்டைகளை மேன்மேலும் திணித்தால் அவை ஊறிப் பருத்துக் குடலை அடைக்கும். வீங்கிய குடல், மேலே இருக்கும் காற்றுப்பையை அழுத்தும். மீன் சாய்ந்து மிதப்பது இதனால்தான். மேலும், நீரின் வெப்பமே மீனின் உடல் வெப்பம். 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டிய நீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும். டிசம்பர் மாதச் சன்னலோரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

“ஃபைட்டர் காற்றைச் சுவாசிக்கும் மீன், அதற்குச் சாடி போதும்” என்று சிலர் வாதிடுவர். சென்னை கொளத்தூர்க் கடைகளில் சிறு குப்பிகளில் அடுக்கி வைத்திருப்பதைச் சான்றாகவும் காட்டுவர். கடையில் அது விற்பனைவரை இருக்கும் இடம். நம்மிடம் வாழ்நாள் முழுவதும் இருக்கும் இடம். தலையை மேலே நீட்டிக் காற்றைக் குடிப்பதால், கழிவிலிருந்து வரும் அம்மோனியா மறைந்துவிடுமா? 20 லிட்டர் கொள்ளும் மூடியிட்ட தொட்டியே அதற்கு ஏற்றது. மூடி ஏனென்றால், அது தாவிக் குதிக்கும்.

இனி மருத்துவம். நான் ஊற்றிய நீல மருந்து பூஞ்சைக்கு உதவலாம். வயிற்று அடைப்புக்கு ஒன்றும் செய்யாது. அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களையும் அது கெடுத்துவிடும். செய்யவேண்டியது அப்பத்தா சொன்னதுதான்: இரண்டு மூன்று நாள் பட்டினி, சுத்தமான இளஞ்சூட்டு நீர். பிறகு டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சி கொஞ்சம். அதன் ஓடு செரிக்காமல் குடலைத் துடைத்துக்கொண்டு போகும். வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்வோரும் உண்டு. தங்கமீனுக்கு அது பொருந்தும். பூச்சி தின்னும் மீனுக்குப் பட்டாணி எதற்கு? வீக்கம் குறையாவிட்டால், 4 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி பேதி உப்புக் கரைத்துத் தனிப் பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் விடலாம். கறியுப்பு இதற்கு மாற்றாகாது.

செதில்கள் முள்ளம்பன்றியைப் போல விறைத்து நின்றால் அது வெறும் செரிமானக் கோளாறு அன்று. சிறுநீரகம் பழுதாகி உடலில் நீர் கோத்த நிலை. பிழைப்பது அரிது. (முட்டை நிறைந்த பெண் மீனுக்கும் வயிறு பெருத்திருக்கும். அதைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்!)

ஆய்வுக்கூடத்துக்கு மீண்டும் ஒரு ஃபைட்டர் வருமென்று கேள்விப்படுகிறேன். ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சாடி வேண்டாம், தொட்டி வாங்குவோம். சன்னலை விட்டு உள்ளே தள்ளி வைப்போம். தீவனக் குப்பி ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இரு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று உருண்டை. அந்த ஒருவராக இருக்க நான் ஆயத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரிலிருந்து வர பஸ் வசதி இல்லை. அன்று மீனுக்கு விரதம்.