தூங்காமல் ஓட்டுவது வெறும் அஜாக்கிரதையா?

எலும்பு முறிவுக்கு எண்ணெய்க்கட்டு போட வருகிறவர்கள் கூடவே எஃப்.ஐ.ஆர். நகலையும் காட்டுவார்கள். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி...' என்ற வாசகம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அந்த 'அஜாக்கிரதை'க்குள் எதையெல்லாம் அடைக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

விபத்தில் உயிர் போனால் பழைய ஐ.பி.சி. 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருஷம். வெறும் அபராதத்தோடு விட்டாலும் சட்டப்படி சரி. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 வருஷம் வரை போகலாம். ஆனால் 'இப்படி ஓட்டினால் உயிர் போகும்' என்று தெரிந்தே ஓட்டினார் என நிரூபித்தால் வழக்கே வேறு. 10 வருஷம் வரை தண்டனை. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் குடித்துவிட்டு ஓட்டிய இளைஞரின் கார் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த 7 தொழிலாளர்கள் செத்தார்கள். கீழ்க்கோர்ட் அஜாக்கிரதை என்று 6 மாதம் கொடுத்தது. ஹைகோர்ட் 'தெரிந்தே செய்தது' என்று 3 வருஷமாக்கியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

குடித்திருந்தால் ஊதச் சொல்லலாம். தூக்கத்தை எதில் ஊதச் சொல்வது? 'கண் அசந்துட்டேன் சார்' என்றால் அஜாக்கிரதை, அவ்வளவுதான்! அடக்கக் கூடாத 14 வேகங்களில் தூக்கத்தையும் கொட்டாவியையும் சித்த மருத்துவம் சேர்த்திருக்கிறது. தூக்கத்தை அடக்கினால் தலைபாரம், கண் சிவப்பு எல்லாம் வரும். முன்கூட்டியே உடம்பு இத்தனை சொல்லியும் ஸ்டியரிங்கை விடாதவருக்கு 'தெரியாது' என்று எப்படிச் சொல்வது? உடம்பு தகுதியில்லாத நிலையில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவில் முதல் தடவை அபராதம் 1,000 ரூபாய் வரைதான். ஒரு தடவை வண்டிக்கு டீசல் போடக்கூடக் காணாது.

கடைசியாக எப்போது தூங்கினார் என்று கோர்ட் கேட்கட்டும். டோல்கேட் நேரங்களைப் பார்த்தாலே முந்தின ராத்திரி வண்டி எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும். ஓய்வில்லாமல் திரும்ப அனுப்பிய முதலாளியையும் கூண்டில் ஏற்றட்டும்.

நாமும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாமே. ஒருநாள் லீவை மிச்சம் பிடிக்க ராத்திரி பத்து மணிக்கு வேனில் ஏறி, விடியும்போது திருப்பதியில் இருக்கணும் என்கிறோம். ஏறுமுன் டிரைவரிடம், 'தம்பி, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?' என்று கேளுங்கள். 'பழக்கம்தான் சார்' என்று சிரித்தால், கிளம்புவதைக் காலை அஞ்சு மணிக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுங்கள்.