கோயிலில் கேட்ட வேண்டுதல்



உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவருவது பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் மிஷன் பள்ளியிலும் அதே நிலைதான். நான் படித்தபோது வராந்தாவில்கூட வகுப்பு நடக்கும். இப்போது மொத்தமே இருபத்தொரு பேர். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். ஒரு பணியிடம் போனால், மிஞ்சிய பிள்ளைகளையும் பெற்றோர் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதற்கென்றே கோயிலில் ஜெபம் வைத்தோம். ஐயர், உபதேசியார், டீச்சர்மார், பழைய மாணவர்கள் எல்லோரும் முழங்காலில் நின்றோம். சத்துணவு சமைக்கும் அக்கா வேறு சாமி கும்பிடுகிறவர். பேரன் இங்கே படிப்பதால் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார். "பள்ளிக்கூடத்த மூடவிட்டிராதீங்க சாமி" என்று அவர் வாய்விட்டு அழுதபோது யாராலும் அடுத்த ஜெபத்தைத் தொடங்க முடியவில்லை.

1820-இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் நெல்லைச் சீமையில் ஊர் ஊராக இத்தகைய மிஷன் பள்ளிகள் எழுந்தன. என் பாட்டி கையெழுத்துப் போடக் கற்றது அப்படியொரு பள்ளியில்தான்.

ஆனால் அன்று கோயிலில் ஜெபித்த பலருடைய பிள்ளைகள் திங்கட்கிழமை வேனில்தான் போனார்கள். அது எனக்கு வலிக்கிறது. என் தம்பியிடம் பேசினேன். ஜூனில் மகளை இங்கே சேர்க்கச் சம்மதித்திருக்கிறான். எந்தச் சிறு பள்ளியையும் மூடத் தீர்மானிக்குமுன், நிர்வாகம் அந்த ஊர்ப் பெற்றோரை ஒருமுறை கூட்டிப் பேச வேண்டும்.

– முன்னாள் மாணவி, தூத்துக்குடி மாவட்டம்