ஞாயிற்றுக்கிழமை வகுப்பு



2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அதற்குப் பிறகு எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு மாற்றம். கோட்டைக்கு எப்படிப் போவது, அங்குள்ள ராஜகிரிக் குன்றில் ஏற எத்தனை நேரம் ஆகும் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இப்போது இன்னொரு வகைக் கேள்வி சேர்ந்திருக்கிறது: "வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள், இனியாவது வரலாறு படிக்க ஆசை. எங்கே சேர்வது? இந்த வயதில் கல்வெட்டு வாசிக்க வருமா?"

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

வரும். சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டு வரலாற்று ஆய்வில் பெரிய வேலைகள் சிலவற்றைச் செய்தவர்கள் வேறு தொழில் பார்த்துக்கொண்டே கற்றவர்கள். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர் நாற்காலியிலும் அமர்ந்தவர். புகளூர்க் கல்வெட்டைப் பற்றி அவர் எழுதியது 1965இல். தமிழ் பிராமி பற்றிய அவருடைய பெருநூல் 2003இல் வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. திருச்சியில் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். பல்லவர் வரலாறு எழுதிய மா. இராசமாணிக்கனாரின் மகன். பகலில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, தந்தை பெயரில் வரலாற்றாய்வு மையம் தொடங்கிக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர். அவரிடம் கற்கச் சேர்ந்த இளைஞர்களில் பலர் மென்பொருள் துறையினர். வார விடுமுறையில் கல்வெட்டு, வார நாளில் கணினி என்று ஓடிய அந்தக் குழுதான் 2004இல் 'வரலாறு' மின்னிதழைத் தொடங்கியது. சென்னையில் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை மாதந்தோறும் சொற்பொழிவு வைக்கிறது. அதன் பின்னணியில் நின்ற சுவாமிநாதன் டெல்லி ஐ.ஐ.டி.யில் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அந்த அமைப்பிடம் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஓர் இடத்தைப் பற்றி முதலில் உட்கார்ந்து கேட்கிறார்கள், படிக்கிறார்கள். பிறகு கூட்டமாகக் கிளம்பிப் போய் அந்த இடத்தைப் பார்க்கிறார்கள். மாமல்லபுரம், அஜந்தா என்று அப்படிப் போயிருக்கிறார்கள்.

முறையாகப் பட்டம் வேண்டுவோருக்கும் வழி இருக்கிறது. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும், 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வீட்டிலிருந்தே வரலாறு படிக்கலாம். தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடியபடி விடுமுறை நாளில் கல்வெட்டியல் பட்டய வகுப்பு நடத்துகிறது. சேரும் முன் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய வரலாற்று நூல்களும் கல்வெட்டுத் தொகுதிகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் ரயிலேறிச் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் போய் நூலகத்தில் கைவலிக்க எழுதி எடுத்து வந்த பக்கங்கள் இவை.

வயது வந்தவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு குறை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வெறுங்கையோடு வரவில்லை. சோழர் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு எரிக்க ஆடு கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். கல்லூரி மாணவர் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார். ஆடு வளர்த்த அம்மா ஒருவர் வகுப்பில் இருந்தால், தொண்ணூறில் கிடாய் எத்தனை, ஒரே நேரத்தில் கறக்கிறது எத்தனை, குட்டி குடித்தது போக உழக்கு நெய்க்கு எவ்வளவு பால் வேண்டும் என்று கேட்கத் தொடங்குவார். ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும் என்ற திகைப்பும் அவருக்கு இராது: செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து மந்தை அதே எண்ணிக்கையில் நிற்கும், அவ்வளவுதான். பொன் எடைகளான கழஞ்சும் மஞ்சாடியும் ஆசாரிக்குப் புதிதல்ல. வருவாய்த் துறையில் இருந்தவருக்கு நான்கெல்லை சொல்லும் நிலக் கல்வெட்டு, பத்திரம் படிப்பது போலவே ஓடும். ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர் மதகைக் குறிக்கும் தூம்பு என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்ட மாட்டார். ஆசிரியருக்குக் கல்வெட்டின் எழுத்து தெரியும். அதில் சொன்ன வாழ்க்கை மாணவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே அறையில் சந்திப்பதுதான் இப்படிப்பட்ட வகுப்பின் சுகம்.

இங்கிலாந்தில் இதை நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1903இல் அங்கே தொழிலாளர் கல்விச் சங்கம் பிறந்தது. 1908இல் டானி என்ற இளம் ஆசிரியர், மட்பாண்டத் தொழில் நடக்கும் லாங்டனுக்கும் பஞ்சாலை ஊரான ராச்டேலுக்கும் வாராவாரம் ரயிலில் போய்ப் பொருளாதார வரலாறு நடத்தினார். வேலை முடிந்து வந்த ஆலைத் தொழிலாளர்களிடம், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. வகுப்பும் சிறியது, முப்பது பேர் அளவில். பின்னாளில் இ.பி. தாம்ப்சன் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காக யார்க்‌ஷயர் ஊர்களில் இப்படி மாலை வகுப்பு எடுத்தவர். ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி 1963இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலானது. வகுப்புக்கு வந்தவர்களிடம் தான் கற்றதை அதன் முன்னுரையிலேயே அவர் சொல்லியிருக்கிறார்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். செஞ்சியைச் சுற்றி இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாடத்திட்டம் முழுக்க பாறையில் இருக்கிறது. ஓர் இருசக்கர வண்டியும் தண்ணீர் பாட்டிலும் போதும்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று. பெரிய பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், மேல் வரிசையில் பன்னிரண்டு, கீழ் வரிசையில் பன்னிரண்டு. அங்கேயே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு. தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. எழுத்து கற்க வந்தவர்களுக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது. இன்னொரு திசையில், செஞ்சி–விழுப்புரம் சாலையையொட்டி மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் பிரமன், சிவன், திருமாலுக்குக் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன், அதாவது முதலாம் மகேந்திரவர்மன், கிரந்த எழுத்தில் பெருமைப்பட்டுக்கொண்ட இடம். மேலச்சேரிக் குடைவரையில் சந்திராதித்தன் என்று ஓர் அரசன் பெயர் இருக்கிறது. பல்லவர் பட்டியலில் அவனை எங்கே உட்கார வைப்பது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. புதிதாகப் படிக்க வருபவர்கள் இங்கே கட்டாயம் போக வேண்டும் என்பேன். விடை கிடைக்காத கேள்வியோடு திரும்பிப் பழகுவது வரலாற்று மாணவருக்கு முதல் பயிற்சி.

நடுநாயகம் சிங்கவரம். படியேறிப் போனால் குடைவரைக்குள் தாய்ப்பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். பல்லவர் காலத்து வேலை, 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது. எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையும் அங்கே உண்டு. அவசரமாகக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் தவறவிடுவது. ஆனால் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரு கதை.

செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கின் குலதெய்வம் இந்த ரங்கநாதர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போருக்குப் புறப்படும் முன் உத்தரவு கேட்க வருகிறான். போக வேண்டாம் என்பது போலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேளாமல் போகிறான். 1714 அக்டோபர் 3 அன்று களத்தில் விழுகிறான். சிலையின் முகம் இன்றும் அப்படியே திரும்பியிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள்.

இதை எப்படி நடத்துவது? சிலை தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது, எனவே கதை பொய் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவது ஒரு வழி. அது சோம்பேறி ஆசிரியரின் வழி. வழிபாடு நடக்கும் கோயிலில் நின்று பக்தரின் நம்பிக்கையைக் கிண்டல் செய்வதற்கு வகுப்புக்கு வேலையும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சுமார் பத்து மாதமே கோட்டையை ஆண்ட, இருபது வயதைச் சற்றே தாண்டிய, ஔரங்கசீப் நியமித்த புந்தேல ராஜபுத்திரத் தளபதி ஒருவரின் மகனை, தமிழ் நாட்டுப்புறம் ஏன் இப்படித் தத்தெடுத்துக்கொண்டது? சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை இது. 1690இலிருந்து ஏறக்குறைய எட்டு ஆண்டு அவர் மகன் ராஜாராம் முற்றுகைக்குள் இருந்து மொகலாயரை எதிர்த்ததும் இங்கேதான். தெருப்பாடகர் வாயில் அவர்கள் ஏன் தேசிங்கு அளவுக்கு இடம் பிடிக்கவில்லை? தேசிங்கோடு முஸ்லிம் நண்பன் மகமத் கானும் சேர்ந்து சாவதை மக்கள் ஏன் பாடிப் பாடிக் காத்தார்கள்? 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அந்தக் கதைக்கு எதைச் சேர்த்தது? நவாப் பக்கம் கேட்டது கப்பப் பாக்கி. கதையில் அது எங்கே போயிற்று? இப்படிச் சில கேள்விகள் கேட்டால், ஒரு கதையே முழுப் பருவத்துக்குப் பாடமாகிவிடும். செஞ்சி வரலாற்றுக்கு சி.எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய நூல் இன்றும் முதல் துணை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த காலத்துப் பேச்சு வழக்கும் மனநிலையும் தெரிய, புதுச்சேரியில் இருந்துகொண்டு 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார்.

இணைய வகுப்பா, நேர் வகுப்பா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டும், ஆனால் வேலைப் பங்கீடு வேறு. எழுத்து பழகுவது, ஒரு கல்வெட்டின் மைப்படியைத் திரையில் பெரிதாக்கி வரி வரியாக வாசிப்பது, நூல் விவாதிப்பது ஆகியவற்றுக்கு இணையம் நேர் வகுப்பைவிடவே நல்லது. கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. துபாயில் இரவுப் பணி முடித்தவரும், மூட்டுவலியால் படியேற முடியாதவரும் சரிசமமாக உட்காரலாம். ஆனால் ஐந்நூறு பேர் ஒலியை அடைத்துவிட்டுக் கேட்கும் இரண்டு மணி நேரப் பேச்சை வகுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நல்ல சொற்பொழிவு, கேளுங்கள், மகிழுங்கள். வகுப்பு என்றால் ஆசிரியர் உங்களைப் பெயர் சொல்லி அழைத்து, அடுத்த வரியை நீங்கள் வாசியுங்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் கேட்க வேண்டும். 'எனக்கும் தெரியவில்லை' என்று அவ்வப்போது ஒத்துக்கொள்ளவும் வேண்டும். கட்டணம் வாங்குமுன் சான்றிதழின் அழகைக் காட்டுகிற வகுப்பைவிட, எத்தனை பேர், என்ன வாசிக்கப் போகிறோம் என்று சொல்கிற வகுப்பில் சேருங்கள்.

குடைவரையின் அளவு, இருட்டு, தூணின் பருமன், ஏறி வந்த களைப்பு இவற்றைத் திரை தராது. சாய்வாகப் பிடித்த டார்ச் வெளிச்சத்தில், வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்பதை நேரில்தான் பார்க்க முடியும். ஆறு வாரம் வீட்டில் வாசித்துவிட்டு ஏழாவது ஞாயிறு குன்றேறுங்கள். படிக்காமல் ஏறினால் செல்பி மட்டும் மிஞ்சும்.

குடும்பக் குழுவில் காலை ஆறு மணிக்கே வந்து விழும் 'மறைக்கப்பட்ட வரலாறு' செய்திகளைப் பற்றி எழுதச் சொல்லியும் கேட்டிருந்தீர்கள். பதில் சிறியது. எந்தக் கல்வெட்டு, எந்த ஊர், எந்தத் தொகுதி என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பியவர் இரண்டு நாள் பேச மாட்டார்.

ஊரில் நான்கு பேர் சேர்ந்தால் போதும், நீங்களே தொடங்கலாம். பள்ளிக்கூடத் தமிழ் ஆசிரியர் ஒருவர், பழைய நிலக் கணக்கு தெரிந்தவர் ஒருவர், படம் எடுக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர் ஒருவர். மாதம் ஒரு ஞாயிறு, ஓர் இடம், ஒரு கல்வெட்டு.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின்மேல் சுண்ணாம்பும் மாவும் பூசாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், உங்கள் பெயரைப் பக்கத்தில் எழுதாதீர்கள். தண்ணீர் தெளித்துப் பார்ப்பதற்குக்கூடக் கோயிலாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும் நேரத்தில் படமெடுத்து, ஊர், கோயில், எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதை உங்கள் பெயரோடு வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்