காற்றுக்கும் காவலா?



ரஜூலா என்றொரு கப்பல் இருந்தது. 1926-ல் கட்டப்பட்ட கப்பல். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்தது. போனவன் நலமாகச் சேர்ந்தான் என்ற சேதி ஊருக்கு எட்ட வாரங்கள் ஆகும். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனிடம் கெஞ்சுவான். படிக்கத் தெரியாத தாய், கடிதத்தை மடியில் முடிந்துகொண்டு பள்ளிப் பிள்ளையைத் தேடி அலைவாள். ஏழ்மைதான், அறியாமைதான்! ஆனாலும் தபாலாபீஸ் என்று ஒன்று இருந்தது. தலை ஒட்டியவன் கடிதமெல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தது. தோட்டத் துரையின் கடிதத்துக்கு ஒரு வாசல், தோட்டக் கூலியின் கடிதத்துக்கு வேறொரு வாசல் என்று எவரும் வைக்கவில்லை.

இன்று கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. கடிதம் போய் இணையம் வந்துவிட்டது. பட்டுக்கோட்டையில் குழந்தை சிரிப்பதைப் பாலைவனத்துக் கூடாரத்திலிருந்து பார்க்கலாம். அறிவியல் தந்த அற்புதந்தான், மறுப்பார் யார்? ஆனால், அந்த அற்புதத்துக்குப் போடப்பட்ட கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு அடைத்துக் கிடக்கிறது? அதைத்தான் இன்று நாம் கேட்கிறோம்.

அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்குகிறான் நம் தோழன். கையில் செல்போன். அதில் ஊர் சிம் கார்டு. ரீசார்ஜ் முடிந்து உயிரற்றுக் கிடக்கிறது. சுவரில் "இலவச வைஃபை" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆசையோடு தொடுகிறான். "உன் எண்ணைச் சொல், அதற்கு ஓ.டி.பி. அனுப்புகிறோம்" என்கிறது திரை. எண்ணுக்குத்தான் உயிரில்லையே! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக, இணைப்பு இருந்தால்தான் இணைப்புக் கிடைக்கும் என்கிறார்கள். அழைத்துப்போக வர வேண்டிய ஏஜெண்டின் ஆள் எங்கே நிற்கிறான் என்று கேட்கக்கூட வழியின்றி, பெட்டியின் மேல் உட்கார்ந்துவிடுகிறான்.

"இணையம் என்ன, சோறா? பாட்டாளிக்கு எதற்கு இந்தப் பகட்டு?" என்று கேட்பார் சிலர். பதில் சொல்வோம். சம்பளம் வங்கியில் விழுந்ததா என்று பார்ப்பது இணையத்தில். ஊருக்குப் பணம் அனுப்புவது இணையத்தில். ஆள் அனுப்பும் ஏஜெண்டு உரிமம் பெற்றவனா, ஊரை ஏய்ப்பவனா என்று பார்க்க இந்திய அரசு வைத்திருக்கும் "இ-மைக்ரேட்" இணையத்தில். சம்பளம் தராமல் முதலாளி ஏமாற்றினால், அயல்நாட்டிலிருந்து முறையிடுவதற்கு 2015-ல் ஏற்படுத்தப்பட்ட "மதத்" என்ற ஏற்பாடும் இணையத்தில்! நியாயம் கேட்கும் மனுவை இணையத்தின் வழியே கொடு என்று சொல்லும் அரசு, இணையத்துக்கு வழி எங்கே என்று கேட்டால் வாய் திறக்க வேண்டாமா? பகட்டல்ல தோழர்களே, இது பாட்டாளியின் பாதுகாப்பு.

மற்ற நாடுகள் இந்தக் கதவை எப்படி வைத்திருக்கின்றன என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

கியூபாவில் 2015-ஆம் ஆண்டு, பூங்காக்களிலும் தெரு முனைகளிலுமாக 35 இடங்களில் வைஃபை வைத்தார்கள். சுரண்டி எண் பார்க்கும் அட்டை வாங்க வேண்டும். உள்ளூர்க்காரனும் ஊர் சுற்ற வந்தவனும் ஒரே பூங்காவில், ஒரே மரத்தடியில், கடல் கடந்துபோன பிள்ளையிடமும் பிரிந்துவந்த மனைவியிடமும் பேசிக்கொண்டிருந்த காட்சியை உலகமே பார்த்தது. நல்ல காட்சிதான், ஆனால் கட்டணம்? மணிக்கு 2 டாலர் அளவு! மாதச் சம்பளமோ சராசரி 25 டாலர் அளவு. மாதம் முழுதும் உழைத்த கூலியை அப்படியே கொடுத்தால் பன்னிரண்டு மணி நேரப் பேச்சு. பொதுவிடம் என்று பெயர் வைத்தால் போதாது, பொதுமக்கள் கைக்கு எட்டும் விலையும் வேண்டும் என்பதுதான் அந்தப் பூங்கா சொல்லும் பாடம். கைப்பேசி வழி இணையம் அங்கே 2018 டிசம்பரில்தான் வந்தது.

இத்தாலியில் வேறு விதமான பூட்டு. 2005-ல் லண்டனில் குண்டுகள் வெடித்தன. அந்த அச்சத்தில் இத்தாலிய அரசு ஓர் ஆணை போட்டது: பொது இடத்தில் இணையம் பார்க்க வருகிறவன் அடையாளச் சான்றைக் காட்ட வேண்டும், கடைக்காரன் அதைக் குறித்துவைக்க வேண்டும்! பிழைக்க வந்தவர்கள் நம்பியிருந்தவை ரயிலடிப் பக்கத்துச் சிறு இணையக் கடைகள். சான்று இல்லாத ஏழை அங்கேயும் நுழைய முடியவில்லை. அந்தக் கட்டாயம் ஒழிய 2011 பிறக்க வேண்டியிருந்தது. குண்டு வைக்கிறவனைப் பிடிக்கப் போட்ட வலையில், தாயோடு பேச வந்தவனல்லவா சிக்கினான்!

ஜெர்மனியில் சட்டமே ஒரு சங்கிலியாக இருந்தது. ஒருவன் தன் வைஃபையைத் திறந்துவைத்து, அதைப் பயன்படுத்தி வேறொருவன் திருட்டுப் படம் இறக்கினால், திறந்துவைத்தவன் மேல் வழக்கு! தண்ணீர்ப் பந்தல் வைத்தவனைத் தண்டிக்கும் தருமம் இது. ஆனாலும் 2015-ல் போருக்கு அஞ்சி லட்சக்கணக்கான அகதிகள் அங்கே வந்தபோது, "ஃப்ரைஃபுங்க்" என்ற தன்னார்வலர் கூட்டத்தார் அகதி முகாம்களுக்கு இலவச வைஃபை அமைத்துக் கொடுத்தனர். பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தவர்கள் உண்டு. பிரிந்தவனுக்குக் குரல் கொடுத்தவர்கள் இவர்கள். அந்தச் சட்டத்தின் பிடி 2017-ல் தளர்த்தப்பட்டது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், செல்வச் சீமையாம் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். 2016-ல் பழைய டெலிபோன் கூண்டுகளை அகற்றிவிட்டு, இலவச வைஃபை தரும் கம்பங்களை நட்டார்கள். விளம்பர வருமானத்தில் செலவு. செல்போனுக்குச் சார்ஜும் ஏற்றலாம், கம்பத்தின் திரையிலேயே இணையமும் பார்க்கலாம் என்றார்கள். வந்தவன் யார்? வீடில்லாதவன் வந்தான், வேலையில்லாதவன் வந்தான். நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கனவான்கள் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், கம்பத்துத் திரையில் இணையம் பார்க்கும் வசதியை நிறுத்திவிட்டார்கள்! வைஃபை இருந்தது, சார்ஜ் இருந்தது; ஆனால் சொந்தச் செல்போன் இல்லாதவனுக்கு இருந்த ஒரே வாசல் அடைபட்டது. பொதுச் சொத்து ஏழை தொடும்வரைதான் பொது. அவன் தொட்டதும் அது "தொல்லை"! இந்த வியாதி நமக்குப் புதிதா என்ன? குளத்தில் பார்த்தோம், கிணற்றில் பார்த்தோம்.

நம்மவர் லட்சக்கணக்கில் உழைக்கும் வளைகுடாவுக்கு வருவோம். அங்கே ஐக்கிய அரபு அமீரகத்தில் வைஃபைக்குப் பஞ்சமில்லை. கடைத்தொகுதிகளில் உண்டு, மெட்ரோவில் உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது! உரிமம் பெற்ற செயலிகளுக்கு மட்டுமே இணையக் குரலுக்கு அனுமதி. 2018-ல் அத்தகைய பேச்சுத் திட்டத்துக்கு மாதம் 50 திர்ஹாம் என்று விலை வைத்தார்கள். சிமெண்டு மூட்டை சுமப்பவனுக்கு 50 திர்ஹாம் என்பது வெறும் எண்ணல்ல. பல வேளைச் சாப்பாடு. பக்கத்து நாடாம் சவூதி அரேபியா 2017-லேயே இணையப் பேச்சுக்கான தடையைத் தளர்த்தியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? காற்றில் மிதந்துவரும் குரலுக்குக் காவல் போட்டுக் காசு பறிப்பது என்ன நியாயம்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "வி.பி.என். போட்டால் எல்லாம் பேசலாம்" என்று அறைத் தோழன் சொல்வான். அமீரகச் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம்வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தோடு பேசும் ஆசையில் குடும்பத்தையே அடகுவைத்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரின் கதை வேறு. 2006 டிசம்பரிலேயே நாடு முழுதும் பொதுவிடங்களில் இலவச வைஃபைத் திட்டத்தை அரசே தொடங்கிவைத்தது. பாராட்டுவோம், அதில் நமக்குக் கூச்சமில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் கொரோனா வந்தது. விடுதிகளில் வாழ்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், அவர்களில் நம் தமிழரும் ஏராளம், அறைக்குள் அடைக்கப்பட்டனர். தேக்கா மார்க்கெட்டில் ஞாயிறு மாலை கூடிப் பேசியவர்களுக்கு, திடீரென்று செல்போன் ஒன்றே சன்னல், ஒன்றே உலகம். அப்போதுதான் விடுதிக்குள் வைஃபையைப் பெருக்கவும் சிம் கார்டு வழங்கவும் விரைந்தார்கள். செய்தது நன்று. ஆனால் நோய் வந்த பிறகுதான் அந்தத் தேவை கண்ணில் பட வேண்டுமா? ஊரெல்லாம் குழாய் போட்டவர்கள், உழைப்பவன் படுக்கும் கொட்டகைக்கு முதலிலேயே போட்டிருக்க வேண்டாமா?

"பொது வைஃபையில் ஆபத்து இல்லையா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. உண்டு. உண்மையான பெயரைப் போலவே பொய்ப் பெயர் வைத்து வலை விரிக்கும் எத்தர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எனவே, பெயர் சரிதானா என்று அங்குள்ள ஊழியரைக் கேளுங்கள். வங்கிக் கணக்கைக் கூடியமட்டும் சொந்த இணைப்பில் பாருங்கள். இன்னொன்று: மேனாடுகளுக்குப் போகிறவர்கள் ஓட்டலைத் தேடுமுன் பொது நூலகத்தைத் தேடுங்கள். பல அமெரிக்க நகரங்களில், உறுப்பினர் அல்லாதவருக்கும் விருந்தினர் சீட்டுக் கொடுத்துக் கணினி முன் உட்கார வைக்கிறார்கள். காப்பி வாங்கினால்தான் நாற்காலி என்று அங்கே சொல்வாரில்லை.

ஊரைக் குறை சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில் நிலைய வைஃபை, 6,000-க்கு மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. பெருமைதான். ஆனால் இங்கேயும் எண் கேட்கிறார்கள், ஓ.டி.பி. கேட்கிறார்கள். மாமல்லபுரம் பார்க்க வந்த அயல்நாட்டவன், எழும்பூர் ரயிலடியில் உயிரற்ற சிம் கார்டோடு நின்றால் அவன் கதியும் நம் தோழன் கதிதான். அங்கே நமக்கு இழைக்கப்படும் அநீதியை இங்கே நாம் இழைக்கலாமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. தொழிலாளரை வரவழைக்கும் நாடுகளோடு ஒப்பந்தம் போடும்போது, தங்குமிடத்தில் குடிதண்ணீரோடு இணையமும் உண்டு என்று எழுதுங்கள். முறையீட்டை இணையத்தில் வாங்கும் அரசு, தன் தூதரகங்களில் தொழிலாளி வந்து உட்காரக் கட்டணமில்லா இணைய அறை வைக்கட்டும். ஓ.டி.பி. வாங்க வழியற்றவனுக்கு வேறு வழி, அங்கும் இங்கும், திறக்கப்படட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல், ஊர்ப் பொதுவிடங்களில் வைஃபை அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி ஒவ்வொன்றுக்கும் 15,000 யூரோ கொடுத்தது. சதுக்கத்தில் நிற்கும் எவனுக்கும் அது கிடைக்கும். முடியாத காரியமல்ல, மனம்தான் வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் தெருவிலிருந்து ஒருவன் கடல் கடக்கும்போது, ஊறுகாய்ப் பாட்டிலைக் கட்டிக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். தூதரக எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி அவன் சட்டைப் பையில் வையுங்கள். கதவு திறக்கும்வரை அந்தக் காகிதம் துணை நிற்கட்டும். கதவைத் திறக்க வைப்பதோ, இங்கே இருக்கும் நம் வேலை.