சதுப்பில் சுடுதளம் வேண்டாம்

நீலகிரியில் சதுப்பு நிலம் தரிசு அன்று. மழைநீரைப் பிடித்து வைத்து, மாசி, பங்குனியிலும் ஓடைக்கு விடும் பஞ்சு அது. கீழே உள்ள கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் அந்த ஓடையை நம்பியே இருக்கின்றன.

வெலிங்டனில் இராணுவப் பயிற்சி நெடுநாளாக நடக்கிறது. வீரர்களுக்குச் சுடும் பயிற்சி அவசியமே. ஆனால் தோட்டாவில் ஈயம் உண்டு. நமது புளிப்பு மண்ணில் அது கூடுதலாகக் கரையும். ஆகவே எந்தச் சுடுதளத்தையும் சதுப்புக்குள் விரிவாக்கக் கூடாது.

2017ஆம் ஆண்டின் சதுப்பு நில விதிகள் ராம்சார் பட்டியலில் உள்ளவற்றுக்கும் அரசு அறிவித்தவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். கோத்தகிரி லாங்வுட் சோலை 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர்ப்புறச் சிறு சதுப்புகளுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை.

அமெரிக்கக் கடற்படை வியேக்ஸ் தீவருகே நீர் மாசு அனுமதியின்றிக் கடலில் குண்டு போட்டது சட்டமீறல் என்று கோர்ட்டு கூறியது. பயிற்சியை நிறுத்தாமலே அனுமதி கேட்க வைக்கலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிற்சிக்கும் அனுமதிக்கும் பகையில்லை என்பதே இதன் பாடம்.

விவசாயிகளே! உங்கள் ஊர்ச் சதுப்பின் சர்வே எண்ணைக் குறித்து, அதை அரசு அறிவிக்கக் கோரிக் கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புங்கள். ஓடை நீரை இப்போதே சோதித்து வையுங்கள். பின்னால் ஈயம் கூடினால் ஒப்பிட்டுக் காட்டக் கையில் கணக்கு இருக்கும்.