நட்டத்துக்கு விற்பவர் லாபம் பார்ப்பது எப்போது?

நம்ம கன்னிவாடி கடைவீதியில் ஒரு அண்ணாச்சி ரெண்டு மாசம் நட்டத்துக்கு வித்தா, மூணாவது மாசம் கடையில் பூட்டு தொங்கும்.

ஆனா 2007-ல் தொடங்கிய பிளிப்கார்ட் வருஷக்கணக்கா நட்டத்திலேயே வளர்ந்தது. 2018-ல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து அதன் 77 சதவீதப் பங்கை வாங்கியது. 1994-ல் தொடங்கிய அமேசான், முழு ஆண்டு லாபத்தை முதன்முதலாகப் பார்த்தது 2003-ல்தான்.

அப்போ லாபம் வருமா? வரும். தெருக்கடைகள் மூடிய பிறகு தள்ளுபடி குறையும், கமிஷன் ஏறும். கொடுக்கப்போவது நாமதான்!

ஆதிக்க நிறுவனம் அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதை 2002 போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு தடை செய்கிறது. ஒன்றிய அரசே, அந்தச் சட்டத்தைக் கையில் எடு!

முகம் பார்த்துக் கடன் நோட்டில் எழுதிக்கிட்டு அரிசி தர்ற கடை, நமக்கு வேணும்.

#சிறுவணிகம்_காப்போம்